கழுத்து, முதுகு வலிக்குக் கை சிகிச்சை: எந்த வரிசையில் செய்தால் பலன் நிற்கும்

சென்னை தண்டையார்பேட்டையில் ஒரு மாடியறையில் ஃபிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் பலர் எண்ணெய் தேய்த்து, சலூனில் கழுத்தைச் சொடக்கி, பெல்ட் வாங்கி, ஸ்கேனும் எடுத்து முடித்துவிட்டு, "இது என்ன வலி மேடம்?" என்று கேட்கக் கடைசியாகப் படியேறுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

மூன்று மாதத்துக்கு மேல் விடாத கழுத்து, தோள், முதுகு, இடுப்பு வலிக்கும், கூடவே "கூன் விழுந்துடுச்சு" என்று வருகிறவர்களுக்கும், நாங்கள் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்கிற சிகிச்சையைப் பற்றி இதை எழுதுகிறேன். நேற்று சிலிண்டர் தூக்கியதில் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

1. முதலில், கை வைக்கலாமா என்று பாருங்கள்

வலி என்றால் யாரையாவது அமுக்கிவிடச் சொல்வது நம் வழக்கம். அமுக்கக் கூடாத வலிகளும் உண்டு. இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர், பிறகுதான் நாங்கள்:

- சிறுநீர், மலம் போவதில் திடீர் மாற்றம், உட்காரும் இடம் மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி ஆகும். மணிக்கணக்கில் தாமதித்தால் போன கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ராயபுரம் சுற்றுவட்டாரத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான்.
- கழுத்து வலியோடு தலைசுற்றல், ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம்.
- மாடி ஏறினால் வந்து, நின்றால் குறைகிற இடது தோள் வலி, தாடை வலி. இதயம் தோளில் வந்து பேசும்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், அமுக்கும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.
- கீழே விழுந்த பிறகு வந்த வலி. அதிலும் வயதானவர்கள், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள்.
- சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது.

இந்தக் கடைசியை நான் தப்பு செய்துதான் கற்றேன். வியாசர்பாடியிலிருந்து ஒருவர் நடு முதுகு வலி என்று வந்தார். மூட்டை தூக்கும் வேலை. சதைப் பிடிப்பு என்று நானே முடிவுகட்டி நாலு சிட்டிங் அமுக்கினேன். அன்றைக்கு இருந்த வலி மறுநாளும் அப்படியே இருந்தது. ஐந்தாம் முறை குப்புறப் படுக்கும்போது அவர் பேன்ட் நழுவியது. பெல்ட்டைப் பார்த்தேன், ஆணியால் குத்தி இரண்டு புது ஓட்டை போட்டிருந்தார். அப்புறம்தான் காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். "சாயங்காலமானா லேசா அடிக்கும் மேடம், அது வெயில்ல நிக்கறதால" என்றார். முதுகெலும்பில் காசநோய். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மருந்து கிடைத்து இப்போது நன்றாக இருக்கிறார். நான் கேட்டிருக்க வேண்டியது முதல் நாளே.

2. கையில் எடுத்துப் போக வேண்டியவை

மாத்திரைச் சீட்டு. ஸ்கேன் ஃபைலைவிட இது முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவருக்கு அழுத்தி அமுக்கினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவருக்கு ஒத்தடம் வைத்தால், தோல் சுடுவது அவருக்கே தெரியாது. இரண்டையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் வேலை செய்வதை வீட்டில் யாரையாவது ஒரு நிமிஷம் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். "உட்கார்ந்த வேலைதான்" என்பார்கள். வீடியோவில் பார்த்தால் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப், கழுத்து தொங்கிக்கொண்டிருக்கும்.

லூசான உடை. பெண்கள் முன்பக்கம் திறக்கும் சட்டையோ நைட்டியோ கொண்டுவந்து, முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டால் முதுகைப் பார்க்க வசதி. முந்தைய இரண்டு நாள் வேறெங்கும் மசாஜ் வேண்டாம். அமுக்கிய வலியா பழைய வலியா என்று பிரிக்க முடியாது.

3. யாரிடம் போவது

பி.பி.டி. (ஃபிசியோதெரபி பட்டம்) படித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பணம் செலவழிக்க முடியாதவர்கள் அரசு மருத்துவமனை ஃபிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஃபிசியோதெரபி பார்ப்பார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சித்தாவில் தொக்கணமோ (பிடித்துவிடுவது) வர்மமோ (வர்மப் புள்ளிகளைத் தூண்டுவது) எடுத்துக்கொள்வது என்றால், பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் பட்டம்) படித்தவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்துச் சடாரென்று திருப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. திடீர் முறுக்கில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் இருபது ரூபாய் டிப்ஸுக்குக் கொடுக்கிற கழுத்து இல்லை அது.

முதல் நாளே கேள்வி கேட்காமல், சட்டையைக் கழற்றச் சொல்லிக் கை வைக்கிறவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

4. தொடுவதற்கு முன் அளவு எடுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. அளவில்லாமல் ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்தில் "கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்கு" என்பதைத் தவிர உங்களுக்கும் எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

மூன்று அளவு போதும். போன வாரம் வலி எவ்வளவு, 0 முதல் 10க்குள் ஓர் எண். வலியால் செய்ய முடியாத ஒரே ஒரு வேலை, அதை எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்கிறீர்கள். மூன்றாவது, அசைவு.

அசைவுக்கு என்னிடம் கருவி இருக்கிறது. ஆனால் காசிமேட்டில் மீன் வெட்டுகிற ஓர் அக்கா அதைவிட நல்ல அளவுகோலைக் காட்டினார். விடியற்காலை நாலு மணிக்கு அருவாமனையில் குனிந்தால் பதினொரு மணி வரை தலை நிமிராத வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைவு என்று சிகிச்சைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து வலது பக்கம் திரும்பச் சொன்னேன். "உன் ஜன்னல்ல மூணாவது கம்பி வரைக்கும்தான் தெரியுது பாப்பா" என்றார். அன்றிலிருந்து அவர் சீட்டில் டிகிரி இல்லை, கம்பிதான். வீட்டில் நீங்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இப்படி ஏதாவது ஒரு குறி வைத்துக்கொள்ளலாம்.

கூனுக்குச் சுவர்தான் அளவு. குதிகால், பிட்டம், முதுகு சுவரில் ஒட்டி நின்று நேரே பாருங்கள். தாடையைத் தூக்காமல் பின்மண்டை சுவரைத் தொடுகிறதா? தொடாவிட்டால் இடையில் எத்தனை விரல் போகிறது என்று எழுதுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்று. "ஜவ்வு விலகியிருக்கு, தேய்மானம் இருக்கு" என்று படித்ததும் பாதி உயிர் போனவர்களாக வருகிறார்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் இருபதில் 30, ஐம்பதில் 60. நரை மாதிரிதான் இதில் பெரும்பகுதி. படத்தில் இருப்பதும் உங்கள் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் வரும்.

5. மேஜையில் என்ன நடக்கும், நீங்கள் என்ன சொல்ல வேண்டும்

முதலில் கட்டைவிரலால் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக லேசாக அழுத்திப் பார்ப்போம். எந்தக் கணு விறைப்பாக இருக்கிறது, எங்கே தொட்டால் உங்கள் பழைய வலி அப்படியே வருகிறது என்பதுதான் தேடல். "ஆமா, இதேதான்" என்று சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு சும்மா படுத்திருப்பவருக்கு வேலை செய்வது கஷ்டம்.

பிறகு அந்த இடத்தில் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று ஒரே தாளத்தில் அழுத்தி விடுவது. சதைக்கு வேறு பிடி, மூட்டுக்கு வேறு பிடி. வலி ஐந்தைத் தாண்டினால் உடனே சொல்லுங்கள். "நல்லா அழுத்தி வுடு, அப்பதான் கேக்கும்" என்பதுதான் எங்கள் ஏரியாவில் நான் அதிகம் கேட்கும் தப்பு. வலிக்க வலிக்க அழுத்தினால் சதை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். இறுகிய சதையோடு மல்லுக்கட்டி என் கைதான் வீங்கும்.

சொடக்குச் சத்தம் வந்தால் எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்தது என்று நினைக்காதீர்கள். மூட்டுக்குள் உள்ள திரவத்தில் திடீரென்று வாயுக்குமிழ் உண்டாகும் சத்தம் அது. அதே மூட்டு மறுபடி சொடக்க ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். சத்தமே வராமல் வலி குறைந்தவர்கள் நிறைய. கை வைத்ததும் வலி குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், நரம்பு வழியாகப் போகிற வலிச் செய்தி சற்று அடங்கி, காவலுக்கு இறுகியிருந்த சதை தளர்வதுதான். எலும்பு ஏதும் இடம் மாறவில்லை. மாறாததால்தான் அடுத்த படி இவ்வளவு முக்கியம்.

எழுந்ததும் பழைய அளவை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மீன்கார அக்கா முதல் நாள் எழுந்து திரும்பியபோது ஐந்தாவது கம்பி தெரிந்தது. மறுநாள் காலை? திரும்பவும் மூன்று.

6. அன்றைய மீதி நாள்

தளர்ந்திருக்கும் நேரம் சில மணி, போனால் ஓரிரு நாள். அந்த நேரத்தில் அசைத்தால் உடம்பு புது அசைவைப் பழகும். அசைக்காமல் விட்டால் அக்காவின் மூன்றாவது கம்பிதான். அதனால் பயிற்சியை மேஜையை விட்டு இறங்கியதும் அங்கேயே ஒரு தடவை செய்துவிடுங்கள். வீட்டுக்கு நடந்து போக முடிந்தால் நடங்கள்.

கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர் ஒவ்வொரு தடவையும் சிகிச்சை முடிந்த கையோடு துறைமுக வரிசையில் போய் வண்டிக்குள் உட்கார்ந்துவிடுவார். ஐந்து சிட்டிங் வீண். வண்டி நிற்கிற நேரத்தில் இறங்கி லாரியை இரண்டு சுற்று நடந்துவிட்டு ஏறச் சொன்னேன். அப்புறம்தான் எண் இறங்க ஆரம்பித்தது.

அடித்துப்போட்ட மாதிரி லேசான வலி 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்குமேல் போனால், அல்லது கை காலில் புதிதாக மரமரப்பு வந்தால், அடுத்த சிட்டிங்குக்குக் காத்திராமல் போன் செய்யுங்கள். அன்றே எண்ணெய் மசாஜ் வேறு எடுத்து இரட்டை வைத்தியம் பண்ண வேண்டாம்.

7. பயிற்சி: மூன்று போதும்

யூடியூப் பார்த்துப் பன்னிரண்டு பயிற்சியை ஒரே நாளில் ஆரம்பித்து, மூன்றாம் நாள் விட்டவர்கள்தான் அதிகம். மூன்றை மூன்று வாரம் செய்யுங்கள்.

தாடை இழுப்பு: நேராகப் பார்த்தபடி தாடையை முகத்துக்குப் பின்னால் தள்ளுவது போல உள்ளே இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தப்பு எங்கே என்றால், பலரும் தலையைக் குனிகிறார்கள். பார்வை கீழே போனால் பயிற்சி போச்சு.

துண்டுச் சுருள்: குளிக்கிற துண்டை உருட்டித் தரையில் குறுக்காகப் போட்டு, தோள்பட்டை எலும்பு அளவில் முதுகுக்கு அடியில் வரும்படி மல்லாக்கப் படுங்கள். கைகள் தலைக்கு மேல். மூன்று நிமிஷம் மெதுவாக மூச்சு. இடுப்புக்கு அடியில் வைத்தால் இடுப்பு வலி வரும். எலும்பு அடர்த்தி குறைந்த பாட்டிகளுக்கு இது வேண்டாம்.

இடுப்புத் தூக்கல்: மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்கி, பிட்டத்தை இறுக்கித் தூக்கி மூன்று எண்ணி இறக்குங்கள். பத்து முறை, இரண்டு சுற்று. மூச்சை அடக்காமல் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

இவற்றோடு தினமும் இருபது, முப்பது நிமிஷ நடை.

8. வேலையில் ஒரே ஒரு மாற்றம்

"நிமிர்ந்து உட்காரு" என்று பிள்ளையைக் கத்தும் அம்மாக்களிடம் நான் சொல்வது: வளைந்து உட்கார்வது அவ்வளவு பெரிய குற்றமில்லை. ஒரே மாதிரி வெகுநேரம் உட்கார்வதுதான் தொல்லை. விறைப்பாக நிமிர்ந்தே மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், நடக்கிற காரியமும் இல்லை. வலியைக் கூட்டுகிற ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.

அடிபம்பில் தண்ணீர் அடிக்கிறவர்கள் வலது கையாலேயே அடிப்பார்கள். இருபது அடிக்கு ஒரு தரம் கை மாற்றுங்கள், இடுப்பிலிருந்து குனிந்து உடம்பு எடையால் அடியுங்கள். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல் பக்கம் மாற்றுங்கள், முடிந்தால் அரைக் குடமாக இரண்டு நடை. அருவாமனைக்காரர்கள் மணைக்குப் பதில் சற்று உயரமான பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கூடை முடிந்ததும் எழுந்து நிற்கலாம். அக்கா முதலில் "வாடிக்கை போயிடும்" என்றார். கூடையை எடுத்துவைக்க எப்படியும் யாரோ எழத்தான் வேண்டும், அதை அவரே செய்ய ஆரம்பித்தார்.

எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு: 2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கஸ்டமர் இல்லாத இரண்டு நிமிஷத்திலும் உட்காருங்கள். கால் மாற்றி வைக்கத் துணி பண்டலே போதும்.

லேப்டாப்காரர்களுக்கு, ஒரே அறை வீட்டில் மேஜை நாற்காலி எங்கே போடுவது என்ற கேள்வி நியாயம்தான். ஒரு பையன் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து, தனி கீபோர்டு வாங்கிச் சமாளித்தான். திரை கண் மட்டத்துக்கு வந்தால் போதும். டிரம் யாருடையது என்று அவன் அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

9. எத்தனை சிட்டிங், எப்போது நிறுத்துவது

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று. ஆறாவது சிட்டிங்கில் மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். வலி எண் இரண்டு புள்ளியாவது குறைந்திருக்க வேண்டும், அல்லது செய்ய முடியாத வேலையின் நிமிஷம் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அதே கை சிகிச்சையைத் தொடர்வதில் அர்த்தமில்லை. முறையை மாற்றச் சொல்லுங்கள், அல்லது டாக்டரிடம் திரும்பிப் போங்கள். முப்பது சிட்டிங் பேக்கேஜுக்கு முதல் நாளே பணம் கட்டாதீர்கள். என் தொழில் ஆட்களுக்கு இது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்.

"கரண்ட் வைக்கலையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், கை சிகிச்சை, மசாஜ் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தது. வழக்கமாகத் தரக் கூடாதவை என்று அது சொன்ன பட்டியலில் பெல்ட், ட்ராக்ஷன் (முதுகை இழுத்து வைப்பது), வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைக்கும் டென்ஸ் எல்லாம் இருக்கின்றன. வருடக்கணக்காகப் பெல்ட் போட்டவர் அதை ஒரே நாளில் கழற்ற வேண்டாம். வீட்டில் இருக்கும்போது கழற்றிப் பழகுங்கள்.

10. வலி திரும்பினால்

திரும்பும். மீன்கார அக்காவுக்கு ஆறு வாரத்தில் ஏழாவது கம்பி தெரிந்தது, வலி எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தது. என் கையா, அவருடைய பயிற்சியா, ஏப்ரல் 15க்கு அப்புறம் விசைப்படகு போகாததால் கிடைத்த ஓய்வா, எதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்து, படகு நிறைய மீன் வந்த மூன்றாவது நாளே கழுத்து மறுபடி பிடித்தது.

இந்த மாதிரி சமயத்தில் உடனே மேஜைக்கு ஓடி வராதீர்கள். முதல் வேலை, இந்தப் பட்டியலின் 1-ஐ மறுபடி படிப்பது. புதிதாக எதுவும் இல்லையென்றால், அளவை எடுத்து எழுதுங்கள். வேலையை நிறுத்தாமல் கால்வாசி குறைத்து, மூன்று பயிற்சியையும் ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். ஒரு வாரத்தில் எண் இறங்கவில்லையென்றால் வாருங்கள், ஒன்றிரண்டு சிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா வரவில்லை, போன்தான் செய்தார். பின்னால் ஏலம் போடும் சத்தம். "அஞ்சாவது கம்பி தெரியுது பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். என் ஜன்னல் அங்கே எப்படி என்று கேட்டேன். ஐஸ் ஃபேக்டரி கேட்டில் அதே மாதிரி கம்பி இருக்கிறதாம்.